இரக்கம் போதாது... படித்துவிட்டு வாருங்கள்!

மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் துணை நிற்கும் துறையில் வேலை நிறைய இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை. அர்த்தமுள்ள ஒரு வாழ்க்கைத் தொழிலைத் தேடும் இளைஞர்கள் இங்கே எப்படி வரலாம், எப்படி நிலைக்கலாம்?

மூளை முடக்குவாதம் உள்ள நான்கு வயதுப் பிள்ளைக்கு அம்மா சோறு ஊட்டுகிறார். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, நன்றாகக் கரைத்த ரசம் சாதத்தை வாயில் விடுகிறார். பிள்ளைக்குப் புரையேறுகிறது. இருமி இருமி, ஊட்டியதில் பாதி வெளியே வந்துவிடுகிறது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. மாதம் தவறாமல் சளி, காய்ச்சல், ஆஸ்பத்திரி. அந்தத் தாயின் பாசத்தில் யாரும் குறை காண முடியாது. தமிழ்நாட்டில் இப்படி எத்தனையோ வீடுகள்.

அந்த வீட்டுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாகப் பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைப்பார். இடுப்பும் முழங்காலும் சரியாக மடங்கி, பாதங்கள் பலகையில் பதியும்படி முட்டுக் கொடுப்பார். முகவாய் மார்புப் பக்கம் சற்றே தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஸ்பூனை மேலிருந்து கொண்டுவர மாட்டார். நேர் எதிரே, வாய் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழிருந்து கொண்டுபோவார். மேலிருந்து வந்தால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். அண்ணாந்தால் சோறு மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கிவிடும். அம்மாவிடம், "அக்கா, இவ்வளவு தண்ணியா வேண்டாம், கொஞ்சம் கெட்டியா பிசையுங்க" என்பார். ஒரு வாய் விழுங்கியது தொண்டையில் தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். "இன்னும் வேணுமா கண்ணு, போதுமா?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று காத்திருப்பார்.

புரையேறிய உணவு நுரையீரலுக்குள் போவதுதான் அந்த ஓயாத காய்ச்சலுக்குப் பல பிள்ளைகளிடம் காரணம். உட்காரும் நிலையையும் சோற்றின் பதத்தையும் மாற்றியதில் ஆஸ்பத்திரி அலைச்சல் குறைகிறது. பிள்ளை எடை போடுகிறது. பேச்சு வராத அந்தப் பிள்ளை, வேண்டும் வேண்டாம் என்பதைக் கண்ணால் சொல்லக் கற்றுக்கொள்கிறது.

பாசம் அந்த வீட்டில் முன்பே இருந்தது. இல்லாமல் போனது தெரிந்த கை. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதுதான்: மாற்றுத்திறனாளிகளுக்கான பணி நல்ல மனசு உள்ள யாரும் செய்துவிடக்கூடிய வேலை அல்ல. முறையாகக் கற்க வேண்டிய, முறையாகச் சம்பளம் தர வேண்டிய தொழில் அது. அதை வெறும் தொண்டு என்று ஒதுக்கும்வரை, அதில் இருப்பவர்களும் வாழ முடியாது. அதை நம்பியிருப்பவர்களும் வாழ முடியாது.

எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அதற்குப் பிறகு சட்டமே விரிந்துவிட்டது. 1995-ம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு, பார்கின்சன், தலசீமியா, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் இன்று இந்தப் பட்டியலில் உண்டு.

முதுமை இன்னொரு பக்கம். தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011-ல் 10.4 சதவீதம். 2031-ல் அது 18.2 சதவீதமாகும் என்பது தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட மதிப்பீடு. பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் தவிக்கும் வீடுகளை எந்த ஊரிலும் பார்க்கலாம். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஏஜென்சி அனுப்பும் 'ஹோம் நர்சிங்' ஆட்களில் பலருக்கு நர்சிங்கும் தெரியாது, நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கும் முறையும் தெரியாது.

மனசு மட்டும் இருந்தால் என்ன ஆகும்?

முதுகுத் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வலி தெரியாது. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். வீல்சேரில் உட்கார்ந்திருப்பவர் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பை எழுப்பி இறக்க வேண்டும். காலையும் மாலையும் கண்ணாடி வைத்துப் பின்பக்கத் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த ஒரு ரூபாய் அளவு இடத்தை முதல் நாளே கண்டுபிடிக்கிற கண்தான் அவர் உயிரைக் காக்கிறது. கவனிக்காமல் விட்டால் படுக்கைப்புண் எலும்புவரை போகும். கிருமி ரத்தத்தில் கலக்கும். "ஐயோ பாவம், அசைக்காதீங்க, வலிக்கும்" என்று அன்போடு சொல்லும் உறவினர் தெரியாமலே கெடுதல் செய்கிறார்.

மனநலத்தில் இந்த அறியாமையின் விலையை இந்தத் தமிழ் மண்ணே கொடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றிக் கருகிச் செத்தார்கள். குடும்பங்கள் அவர்களை அங்கே விட்டது வெறுப்பினால் அல்ல. குணமாகும் என்ற நம்பிக்கையும், வேறு எங்கே கொண்டுபோவது என்று தெரியாத கையறு நிலையும்தான் காரணம். பயிற்சி பெற்ற ஆளும் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் சங்கிலிதான் பராமரிப்பாகிவிடுகிறது.

இன்னொரு தீங்கு அவ்வளவு சத்தம் போடாது. எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது. சட்டைப் பொத்தான் போட ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகும். பரபரப்பான காலையில் நாமே போட்டுவிடுகிறோம். பத்து வருடம் கழித்தும் அந்தப் பிள்ளைக்கு நாம்தான் போட்டுவிட வேண்டியிருக்கிறது. காத்திருக்கத் தெரிவதும் இந்தத் தொழிலில் பயிற்சியால் வருவதுதான்.

வீல்சேரிலிருந்து தொடங்கிய வரலாறு

தமிழ்நாட்டில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் பலர் தாங்களே மாற்றுத்திறனாளிகள், அல்லது மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பெற்றவர்கள். இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் அவர்கள் கதையைத் தெரிந்துகொண்டே தீர வேண்டும்.

வேலூர் சி.எம்.சி.யின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் சிக்கினார். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் கொடுத்த ஊக்கத்தில், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1963-ல் சி.எம்.சி.யில் அதற்கென்றே தனித் துறை அவர் தலைமையில் தொடங்கியது. 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். அறுவை சிகிச்சை முடிந்ததும் வைத்தியம் முடிந்துவிடுவதில்லை, ஆள் வீட்டுக்குப் போய் வாழ வேண்டும் என்பதைத் தன் உடம்பால் அறிந்தவர் அவர். அறிந்ததோடு நிற்கவில்லை, கடல் கடந்து போய்ப் படித்துவிட்டு வந்தார்.

அடுத்து, தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. 1975-ல் பொறியியல் மாணவராக இருந்த எஸ்.ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரி தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981, ஐ.நா. அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. அந்த ஆண்டில் சொந்த ஊரில் சில பிள்ளைகளை வைத்துச் சிறிய பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்துத் தைரியம் கொடுத்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரை அதற்கு வைத்தார். அதுதான் அமர் சேவா சங்கம். தசைச் சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர் எஸ்.சங்கரராமன் பிறகு அவரோடு சேர்ந்தார். ஆரம்பநிலைச் சிகிச்சை மையம், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி, தண்டுவடம் பாதித்தோருக்கான மறுவாழ்வு, கிராமம் கிராமமாகப் போகும் களப்பணி என்று இன்று அது விரிந்து நிற்கிறது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒருவர் அனுபவமும் இன்னொருவர் கணக்கறிவும் சேர்ந்துதான் அந்த நிறுவனம் நின்றது. இந்தத் துறைக்கு டாக்டரும் தெரபிஸ்ட்டும் மட்டும் போதாது; ஆடிட்டர் வேண்டும், நிர்வாகி வேண்டும், சாஃப்ட்வேர் எழுதுகிறவரும் வேண்டும்.

சென்னையில் பூனம் நடராஜன் 1985-ல் தொடங்கிய வித்யாசாகர் இன்னொரு முக்கியமான இடம். மூளை முடக்குவாதம் உள்ள மகனின் தாய் அவர். தன் பிள்ளைக்காகத் தேடத் தொடங்கியவர், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு வழியை உண்டாக்கினார். பின்னாளில் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்கே தலைவரானார். மனநலத்தில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல் தொடங்கிய பான்யன் ஆகிய இரண்டு அமைப்புகளும் சென்னை இந்தியாவுக்குக் கொடுத்தவை.

என்ன படிக்கலாம்?

பிளஸ் டூ முடித்ததும் இந்தப் பக்கம் திரும்பினால், முன்னால் பல வாசல்கள் உண்டு. மருத்துவச் சீட் கிடைக்காதவர்களின் இரண்டாம் தெரிவாக இவற்றை நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனித் திறமை வேண்டும்.

உடலின் அசைவை மீட்டுக் கொடுப்பது பிசியோதெரபி. குளிப்பது, உடுத்துவது, எழுதுவது, சமைப்பது என்று அன்றாட வேலைகளைத் திரும்பக் கற்றுக்கொடுப்பது ஆக்குபேஷனல் தெரபி. இரண்டாவதைப் பற்றி நம் ஊரில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் தேடி அலைவது இவர்களைத்தான். இந்த இரு துறைகளையும் 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது.

காது கேட்பதையும் பேச்சையும் கவனிப்பவர்கள் ஆடியாலஜி, ஸ்பீச் தெரபி படித்தவர்கள். பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பட்டப்படிப்பு, இன்டர்ன்ஷிப் சேர்த்து நான்கு ஆண்டுகள். காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையைத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் செய்து தருகிறது. ஆனால் கருவி பொருத்தினால் மட்டும் பிள்ளை பேசிவிடாது. அதன்பின் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒலியைக் கேட்கப் பழக்குபவர் வேண்டும். செயற்கைக் கால், கேலிப்பர் செய்யும் புராஸ்தெடிக்ஸ் - ஆர்த்தோடிக்ஸ் படிப்பு, கையும் இயந்திரமும் சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு ஏற்றது.

சிறப்பாசிரியர் ஆக இரண்டு ஆண்டு டிப்ளமோ உண்டு, டிகிரிக்குப் பிறகு பி.எட். சிறப்புக் கல்வியும் உண்டு. பார்வை, செவி, அறிவுசார் வளர்ச்சி என்று பிரிவு வாரியாகப் படிக்க வேண்டும். சைகை மொழி பெயர்ப்பாளர், பார்வையற்றவர்களுக்கு வெள்ளைக்கோலோடு நடமாடப் பயிற்சி தருபவர், தொழிற்பயிற்சி ஆலோசகர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் போன்ற வேலைகளும் பட்டியலில் உள்ளன. மக்களோடு பழகும் இயல்புள்ளவர்கள் சமூகப்பணி படிக்கலாம். 1952-லேயே சென்னையில் அதற்கென்று கல்லூரி வந்துவிட்டது. ஈ.சி.ஆர். சாலையில் முட்டுக்காட்டில் 2005-ல் அமைந்த மத்திய அரசின் தேசியப் பல்குறைபாடு மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இந்தப் படிப்புகள் பலவற்றை ஒரே வளாகத்தில் நடத்துகிறது.

நீண்ட படிப்புக்கு வசதி இல்லாதவர்களுக்கும் வாசல் இருக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த பராமரிப்பாளர் சான்றிதழ் படிப்புகள் உண்டு. கவுன்சில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஊர் மட்டத்தில் பணியாற்றுவோருக்காக ஆறு மாதப் பயிற்சி ஒன்றை 2021 மே மாதம் அறிமுகப்படுத்தியது.

சேருவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். 1992-ம் ஆண்டு மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, சிறப்பாசிரியர், ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உள்ளிட்டோர் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் சேரும் படிப்புக்குக் கவுன்சில் அங்கீகாரம் இல்லை என்றால் அந்தச் சான்றிதழால் பதிவு கிடைக்காது. தெருவுக்குத் தெரு முளைக்கும் தெரபி சென்டர்களுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் பெற்றோரும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

வீடு தேடிப் போகிறவர்கள்

இந்தத் துறையின் உயிர்நாடி களப்பணியாளர்தான். தெரபிஸ்ட் பட்டணத்தில் இருப்பார். பிள்ளை மலையடிவாரக் கிராமத்தில் இருக்கும். தினக்கூலிக்குப் போகும் தாய்க்கு, வாரம் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறுவது முடியாத காரியம். அதனால் ஊரிலேயே ஒருவரைப் பழக்கி, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர் பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்த பெண். ஸ்கூட்டியிலோ டவுன் பஸ்ஸிலோ வருவார்.

அவர் போகும் வீட்டில் வாங்கிவந்த கருவி எதுவும் இருக்காது. இருப்பதை வைத்துச் செய்வார். இரண்டு சவுக்குக் கம்புகளைப் பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு வாசலில் இணையாக நட்டால், பிடித்து நடக்கும் கட்டை தயார். ஊர் ஆசாரியிடம் அளவு சொல்லி, இடுப்பையும் மார்பையும் வாரால் பிடித்துக்கொள்ளும் நாற்காலி ஒன்றைச் செய்யவைப்பார். கழிவறைக் கதவு எவ்வளவு அகலம், வீல்சேர் நுழையுமா என்று டேப் வைத்து அளப்பார். பாட்டியைக் கூப்பிட்டு, "நீங்க தினமும் கதை சொல்றப்போ இந்தப் பக்கம் உட்காருங்க, அவன் கழுத்தைத் திருப்பிப் பார்க்கட்டும்" என்பார். அங்கே கதை கேட்பதே தெரபியாகிவிடுகிறது.

அவர் வேலையில் சரிபாதி காகிதம். தேசிய அடையாள அட்டை, யூ.டி.ஐ.டி. எனும் தனித்துவ அடையாள அட்டை, பஸ் பாஸ், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, தேசிய அறக்கட்டளையின் ஒரு லட்சம் ரூபாய் நிராமயா மருத்துவக் காப்பீடு என எதற்கு எந்த நாளில் முகாம், எந்த டாக்டரின் கையெழுத்து, கலெக்டர் ஆபீஸில் எந்த அறை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. படிக்காத ஒரு குடும்பத்துக்கு அவர்தான் அரசாங்கத்தின் முகம்.

உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்ட சமூகம் சார்ந்த மறுவாழ்வு வழிகாட்டி, இந்தப் பணியை உடல்நலம், கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்க்கை, அதிகாரம் பெறுதல் என ஐந்தாகப் பிரித்தது. ஒரு பிள்ளையின் கால்களைப் பயிற்சியால் நீட்டிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. அந்தப் பிள்ளை பள்ளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் போக வேண்டும், வளர்ந்த பிறகு சம்பாதிக்கவும் ஓட்டுப் போடவும் வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

அரசும் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையோடு பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கு வருகின்றன. உலக வங்கி உதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில், பல சேவைகளை ஒரே கூரையின் கீழ் தரும் 'விழுதுகள்' மையங்கள் உருவாகின்றன.

மனநலத்தில் பான்யன் செய்துகாட்டிய வழி இன்னும் துணிச்சலானது. வருடக்கணக்கில் மனநலக் காப்பகத்தில் இருந்து, வீடு திரும்ப வழியில்லாதவர்களைச் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில், நான்கைந்து பேராகக் குடிவைத்தார்கள். உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து அவர்களுக்குத் துணையாக வைத்தார்கள். இன்று என்ன குழம்பு, எந்தக் கடையில் காய் என்று அந்த வீட்டில் இருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். துணைக்கு இருப்பவர் எங்கே கை கொடுக்க வேண்டும், எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்த நிதானம் வருவதற்குத்தான் பயிற்சி.

சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம்

இவ்வளவு தேர்ச்சி கேட்கும் வேலைக்கு நாம் கொடுப்பது என்ன? அரசுப் பள்ளிகளில் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ் பணிபுரியும் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டுப் போராடி வருகிறார்கள். பல தனியார் மையங்களில் நிலைமை இதைவிட மோசம். "சேவை மனப்பான்மை உள்ளவர்கள் தேவை" என்ற விளம்பரத்துக்குப் பின்னால், குடும்பம் நடத்தப் போதாத சம்பளம் இருப்பதைத் துறையில் உள்ள எல்லோரும் அறிவார்கள். கெட்டிக்கார தெரபிஸ்ட் இரண்டு வருடத்தில் வெளிநாடு போய்விடுகிறார். அவரிடம் பழகிய பிள்ளை, புது முகத்தோடு முதலிலிருந்து தொடங்குகிறது.

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒரு தீர்ப்பில், தொடக்கப் பள்ளியில் பத்து மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை வகுத்துச் சொன்னது. இந்தக் கணக்கை ஒவ்வொரு மாநிலமும் நேர்மையாகப் போட்டால், நாடு முழுவதும் எவ்வளவு பணியிடங்கள் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் 2013-ல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதி பெற்ற ஒவ்வொருவருக்கும் அவர் தேவைக்கேற்ப அரசு நிதி ஒதுக்குகிறது. யாரை உதவிக்கு வைத்துக்கொள்வது என்பதில் அவருக்கே தெரிவு இருக்கிறது. செலவு கூடிக்கொண்டே போகிறது என்ற விவாதம் அங்கே நடக்கிறது. ஆனாலும், உதவியாளரின் ஒரு மணி நேர உழைப்புக்கு விலை உண்டு, அதைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும் என்பது அங்கே முடிந்துபோன விஷயம். நம் ஊரில் அந்தச் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையில், அதிலும் தாயின் தலையில் விழுகிறது. 2016-ம் ஆண்டுச் சட்டம் அதிக உதவி தேவைப்படுவோர் என்று ஒரு பிரிவையே அங்கீகரித்திருக்கிறது. அவர்களுக்குப் பயிற்சி பெற்ற உதவியாளரை அரசே சம்பளம் கொடுத்து நியமித்தால், பிள்ளைக்குத் துணையும் கிடைக்கும், ஊர்ப் பெண்ணுக்கு வேலையும் கிடைக்கும்.

நிலைத்து நிற்க என்ன வேண்டும்?

ஆர்வத்தோடு வருகிறவர்களில் பலர் சீக்கிரமே சோர்ந்துபோகிறார்கள். காரணம் பெரும்பாலும் மனசு வற்றிப்போனதல்ல, தனியாக விடப்பட்டது. தசைச் சிதைவு உள்ள பையன் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வான். நீங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் தளர்வான். அந்தத் துக்கத்தைக் கொட்ட, கூட வேலை செய்கிறவர்கள் வேண்டும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து, "இந்த வீட்டில் என்ன செய்யலாம்?" என்று பேச மூத்தவர் ஒருவர் வேண்டும். அப்படி ஒரு ஏற்பாடு இல்லாத இடத்தில் நல்லவர்களும் நிலைப்பதில்லை.

சின்னக் குறிக்கோள் வைத்துக்கொள்ளும் பழக்கம் மிக முக்கியம். "இவளை நடக்கவைத்துவிடுவேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "மூன்று மாதத்தில் தானாகத் தட்டிலிருந்து இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொள்வாள்" என்று எழுதிவைத்து வேலை செய்யுங்கள். எழுதிவைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். அவளுக்கும் உங்களுக்கும் தெம்பு அதிலிருந்துதான் வருகிறது. அந்தக் குறிக்கோளை நீங்களாக முடிவு செய்யாமல், அவளிடமும் வீட்டாரிடமும் கேட்டு வையுங்கள். நாம் நடையைப் பற்றிக் கவலைப்படும்போது, அவள் தோழிகளோடு செல்போனில் பேச ஒரு வழியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

வளர்ந்தவர்களை "நீங்க" என்று கூப்பிடுங்கள். முப்பது வயது மனிதரைக் கொஞ்சுமொழியில் "வாடா தங்கம்" என்று அழைப்பது அன்பு போலத் தோன்றும். அவர் வயதை அது பறித்துவிடுகிறது. கூட வந்தவரிடம் "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்காமல் அவரிடமே கேளுங்கள். தொடுவதற்கு முன் சொல்லுங்கள். வீல்சேரைக் கேட்காமல் தள்ளாதீர்கள். அவருக்கு அது உடம்பின் ஒரு பகுதி.

வேலையில் சேரும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எனக்குப் பணி சொல்லித்தரவும் மேற்பார்வை செய்யவும் பதிவு பெற்ற தகுதியாளர் இங்கே இருக்கிறாரா?
2. ஒரு பணியாளருக்கு எத்தனை பேர்? வீட்டுப் பணி என்றால் ஒரு நாளைக்கு எத்தனை வீடு, பயணச் செலவு யார் தருகிறார்கள்?
3. நியமன ஆணை, வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., மகப்பேறு விடுப்பு உண்டா?
4. நிர்வாகத்திலும் பணியாளர்களிலும் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்?
5. ஒருவர் மீது புகார் வந்தால் விசாரிக்க என்ன ஏற்பாடு? பூட்டிவைப்பதும் கட்டிவைப்பதும் அறவே கூடாது என்று எழுத்தில் இருக்கிறதா?

நேர்மையான நிறுவனம் இந்தக் கேள்விகளால் கோபப்படாது.

யார் தொடங்க வேண்டும்?

அடுத்த விடுமுறையில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சிறப்புப் பள்ளிக்கோ, அரசு மருத்துவக் கல்லூரியில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கோ போய் அனுமதி கேட்டு, சில நாள் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு சொல் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பொறுமையோடு பார்க்க முடிகிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடிகிறது என்றால், தாமதிக்காமல் அங்கீகாரம் பெற்ற ஒரு படிப்பில் சேருங்கள். "இதைப் படிச்சு என்ன கிடைக்கப் போகுது?" என்று கேட்கும் அப்பா அம்மாவிடம், இன்னும் இருபது வருடத்தில் இந்த மாநிலத்துக்கு மிகவும் தேவைப்படப்போகிற கைகள் இவைதான் என்று சொல்லுங்கள். அது உண்மை.

மீதிப் பொறுப்பு நம் எல்லோருடையதும். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. இனி அவர்கள் ஊராட்சியிலும் நகராட்சியிலும் மாநகராட்சியிலும் மன்ற உறுப்பினர்களாக உட்காருவார்கள். இந்த ஊருக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் எத்தனை பேர் வேண்டும், அவர்களுக்கு மாதம் எவ்வளவு ஊதியம் என்ற தீர்மானத்தை அவர்கள் கொண்டுவரட்டும். மற்ற உறுப்பினர்கள் கை தூக்கி அதை நிறைவேற்றட்டும்.